எண்ணெயை நிறுத்தியும் கொழுப்பு ஏன் குறையவில்லை? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி என்று சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், இரண்டு சொற்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தன: ஒன்று, ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான ‘டிரைகிளிசரைடு’, மற்றொன்று ‘பசி’. எழுதியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொல்லைகளாகக் கருதியிருக்கிறார்கள். ஆனால் நம்மைச் சாப்பிடத் தூண்டுகிற, போதும் என்று நிறுத்துகிற அதே ஹார்மோன்களே ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பதிலும் கை வைத்திருக்கின்றன. ஆகவே இம்முறை அவை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் இங்கே சொல்லப்படும் உணவு மாற்றங்களைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் சட்டென்று குறைத்தால், சிலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: எனக்கு வயது 46. துணிக்கடை நடத்துகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் டிரைகிளிசரைடு 240 என்று வந்தது. அன்றே நெய், முட்டை, வடை, அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தாளிப்புக்குக்கூட ஒரு சிறு கரண்டி எண்ணெய்க்கு மேல் வீட்டில் விடுவதில்லை. இப்போது பார்த்தால் 286 ஆகியிருக்கிறது. நல்ல கொழுப்பு 34, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. குடிப்பழக்கம் இல்லை. தவறு எங்கே?
– கும்பகோணம் வாசகர்

பதில்: கடிதத்தின் பின்பக்கத்தில் உங்கள் ஒரு நாள் உணவை எழுதியிருக்கிறீர்கள், விடை அங்கேயே இருக்கிறது. காலையில் ஐந்து இட்லி, பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும், மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை எனச் சோறு, நான்கு மணிக்கு மறுபடியும் டீ, மாலையில் உடம்புக்கு நல்லது என்று பெரிய தம்ளரில் மாதுளைச் சாறு, இரவில் எண்ணெய் விடாத நான்கு தோசை. எண்ணெயும் முட்டையும் போன இடத்தை மாவுச்சத்தும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டன. நீங்கள் ஏமாற்றவில்லை, சோம்பவும் இல்லை. உங்களுக்குக் கிடைத்த அறிவுரைதான் பாதியோடு நின்றுவிட்டது.

டிரைகிளிசரைடு என்றதும் தட்டில் மிதக்கும் எண்ணெய்தான் நம் கண்முன் வருகிறது. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அளக்கப்படும் டிரைகிளிசரைடின் பெரும்பகுதி கல்லீரல் தானே கட்டி அனுப்புகிற சரக்கு. சோறும் இனிப்பும் செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்துக்கு வருகையில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் அனுப்பிச் சேமிக்கச் செய்கிறது. சேமிப்புக் கிடங்கு நிரம்பிய பிறகும் வரத்து நிற்கவில்லையென்றால், கல்லீரல் அந்த மிகுதியைக் கொழுப்பாக மாற்றிப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. பழச்சாற்றிலும் சர்க்கரையிலும் உள்ள ஃபுரக்டோஸ் பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்கே போய்ச் சேருவதால், இந்த வேலைக்கு அது குளுக்கோஸைவிட எளிதான மூலப்பொருளாகிறது. பழத்தைக் கடித்துத் தின்றால் நார்ச்சத்து வேகத்தைத் தணிக்கும். நான்கு பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால் அந்தத் தடுப்பு இல்லை.

இதோடு முடிவதில்லை. வருடக்கணக்கில் இன்சுலின் மிகுதியாகச் சுரந்துகொண்டே இருந்து, உடல் அதன் சொல்லுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை வரும்போது, இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. வயிற்றுக் கொழுப்பைக் கரையவிடாமல் பூட்டி வைக்க வேண்டிய இன்சுலினால் அந்தப் பூட்டைப் போட முடியாமல் போகிறது. கரைந்த கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை நோக்கி ஓடி, மேலும் பொட்டலங்களாகின்றன. உணவுக்குப் பிறகு ரத்தத்திலிருந்து டிரைகிளிசரைடைப் பிரித்தெடுக்கும் லிப்போபுரத லைப்பேஸ் என்னும் நொதியும் மந்தமாகிவிடுகிறது. அனுப்புவது கூடி, அகற்றுவது குறைந்தால் அளவு ஏறாமல் என்ன செய்யும்? டிரைகிளிசரைடு ஏறுகிற உடலில் நல்ல கொழுப்பு இறங்குவதும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100ஐத் தாண்டுவதும் இதே கதையின் அடுத்த பக்கங்களே. உங்கள் அறிக்கையில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

சாறும், டீயில் போடும் சர்க்கரையும், பிஸ்கட்டும் இன்றே போகட்டும். சோற்றை ஒருமுறை வாங்குவதோடு நிறுத்தி, அந்த இடத்தைக் கூட்டு, பொரியல், கெட்டிப் பருப்பு, தயிர் ஆகியவற்றால் நிரப்புங்கள். முழு முட்டை ஒன்று திரும்பி வரலாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை அளவாகச் சேர்ப்பதில் பயமில்லை. ஆனால் பாமாயிலும் வனஸ்பதியும் கெட்ட கொழுப்பை உயர்த்துபவை, அவற்றுக்கு நான் சலுகை கேட்கவில்லை. இரவு உணவுக்குப் பின் இருபது நிமிட நடை வேண்டும். டிரைகிளிசரைடு உணவு மாற்றத்துக்குச் சில வாரங்களிலேயே மசியக்கூடியது. ஆகவே மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். அதோடு ஒருமுறை தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அது குறைவாகச் சுரந்தாலும் இந்த அளவு ஏறும்.

கேள்வி: எனக்கு வயது 52. காலையில் எட்டு மணிக்கு நான்கைந்து இட்லி வயிறாரச் சாப்பிட்டாலும் பத்தரைக்கெல்லாம் பசி எடுத்துக் கை நடுங்குவதுபோல் ஆகிறது. ஏதாவது வாயில் போட்டால்தான் அடங்குகிறது. “உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை, அதனால்தான் சுகர் ஏறுகிறது” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மன உறுதி இல்லையா?
– மதுரை வாசகி

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை உங்கள் வீட்டார் படிக்கும்படி செய்யுங்கள். உங்களுக்கு வருவது உண்மையான பசி. அதை ஒரு ஹார்மோன் அனுப்புகிறது. அதன் பெயர் கிரெலின். 1999ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா ஆகியோரின் குழு அதைக் கண்டறிந்தது. இரைப்பையின் மேற்பகுதிச் சுவரிலிருந்து பெரும்பாலும் சுரக்கும் அது, சாப்பாட்டு வேளைக்கு முன் ரத்தத்தில் ஏறி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் பசியை எழுப்புகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. எவ்வளவு நேரம் இறங்கியே இருக்கும் என்பது தட்டில் இருந்தது என்ன என்பதைப் பொறுத்தது. மாவுச்சத்து மட்டும் நிறைந்த உணவு கிரெலினை வேகமாகத் தாழ்த்தினாலும், சில மணி நேரத்துக்குள் அது முன்பிருந்த அளவையும் தாண்டி எகிறிவிடுகிறது. புரதமுள்ள உணவு அதை நெடுநேரம் தாழ்த்தியே வைத்திருக்கிறது.

இட்லி நல்ல உணவுதான். ஆனால் மைய அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வெந்த அந்த மாவு மிக விரைவில் செரிப்பது. சர்க்கரை சட்டென்று ஏறி, அதற்கேற்ப இன்சுலினும் ஏறி, பிறகு சர்க்கரை கீழே வரும் அந்தப் பத்தரை மணிக்குக் கிரெலினும் தலை தூக்குகிறது. அப்போது பிஸ்கட் தின்றால் அதே சுற்று மறுபடி தொடங்கும். ஆனால் கை நடுங்கும் வேளையில் ஒருமுறையாவது விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்து, அளவு 70க்குக் கீழே இருந்தால், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும்.

பசியை எழுப்புவதற்கு ஒரு ஹார்மோன் இருப்பதுபோல், போதும் என்று சொல்வதற்குப் பல இருக்கின்றன. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. உணவு குடலின் பிற்பகுதிக்குப் போகும்போது பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி-1 என்னும் இரண்டும் சுரக்கின்றன. எளிதில் செரித்து முன்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிற மாவு, அந்தப் பிற்பகுதிவரை போய்ச் சேருவதே குறைவு. நார்ச்சத்தும் பருப்பும் காய்கறியும் அங்கே போய்ச் சேர்கின்றன. நீங்கள் சாப்பிட்ட அளவு போதாமல் இல்லை. நிறைவைச் சொல்லும் தூதர்களை எழுப்பக்கூடியது அந்தத் தட்டில் இல்லை.

ஆகவே மூன்று இட்லி, தண்ணீராக இல்லாமல் பருப்பும் காயும் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், அதோடு ஒரு வேகவைத்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் என்று இரண்டு வாரம் செய்து பாருங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள், இந்தத் தூதர்கள் மூளையைச் சென்றடையச் சுமார் இருபது நிமிடமாகும், நம்மில் பலர் ஏழு நிமிடத்தில் எழுந்துவிடுகிறோம். அதன் பிறகும் பத்தரைக்குப் பசித்தால், வறுத்த வேர்க்கடலை ஒரு சிறு கைப்பிடி தின்னுங்கள். பசித்தவர் சாப்பிடுவதைக் குற்றமென்று யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நான் உயிரியல் படிக்கும் மாணவி. உடல் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் பசியைக் குறைக்கிறது என்று படித்தேன். அப்படியானால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டாலே போதுமல்லவா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல், ஓயாமல் தின்று மிதமிஞ்சிப் பருத்த எலி வகை ஒன்று தோன்றியது. அதே ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் பிற்பாடு இத்தகைய எலியைச் சாதாரண எலியோடு ரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துப் பார்த்தபோது, பருத்த எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. சாதாரண எலியின் ரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது பருத்த எலியிடம் இல்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த ‘ஏதோ ஒன்றை’ 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டுபிடித்தது. மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள்.

ஆனால் பருமனுள்ள பெரும்பாலான மனிதர்களைச் சோதித்தபோது, அவர்களுடைய ரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது. கொழுப்புத் திசு கூடக் கூட லெப்டினும் கூடுகிறது; மூளைதான் அதைக் கேட்க மறுக்கிறது. கோவில் மணி நாள் முழுதும் அடித்துக்கொண்டே இருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கு அது காதில் விழாமல் போவதைப் போன்ற நிலை இது. இன்னும் கொஞ்சம் லெப்டினைச் சேர்த்து ஊற்றுவதால் பெரும் பயன் இல்லை. பிறவியிலேயே லெப்டினைச் சுரக்க இயலாத மிகச் சில குழந்தைகளுக்குத்தான் அந்த ஊசி வாழ்க்கையையே மாற்றியது.

உங்கள் கேள்வியில் நான் மிகவும் விரும்பிச் சொல்ல நினைப்பது வேறொரு நோயைப் பற்றி. லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஓர் அரிய நோய் உண்டு. அதில் தோலுக்கடியில் கொழுப்பே சேர்வதில்லை. பார்ப்பதற்கு எலும்பும் தசையுமாக இருப்பார்கள். கொழுப்புத் திசு இல்லாததால் லெப்டினும் ஏறக்குறைய இல்லை. தீராத பசி இருக்கும். சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் குவிந்து, டிரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறி, கடுமையான சர்க்கரை நோயும் வந்துவிடும். இத்தகைய ஒன்பது பெண் நோயாளிகளுக்கு நான்கு மாதங்கள் லெப்டின் செலுத்திய ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களுடைய டிரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 1.9 புள்ளி இறங்கியது. 2014இல் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. பசி ஹார்மோன் ஒன்று ரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் ஒரே வேளையில் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி: வயது 29. மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி. பகலில் நான்கு மணி நேரம்தான் தூக்கம். எடை ஏறுகிறது, இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா தவிர வேறெதிலும் மனம் போவதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. உணவுப் பட்டியல் தர முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: பட்டியலுக்கு முன் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தும், வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்தும் ஒப்பிட்டார்கள். 2004இல் வெளியான அந்த முடிவின்படி, குறைவாகத் தூங்கியபோது லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவும் நிறைந்த பண்டங்களின் மீதே ஆசை அதிகம் போனது. இரண்டே இரவுகளில் இது நடந்தது. உங்களுக்கு வருடக்கணக்காகிறது.

அறையை இருட்டாக்கிக்கொண்டு ஆறரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே நீட்டில் தூங்க வழி செய்யுங்கள். பகலில் தூங்குபவரை எழுப்பக் கூடாது என்பதை வீட்டிலுள்ளவர்கள் விதியாகவே ஏற்க வேண்டும். பணிக்குக் கிளம்பும் முன் முழு உணவைச் சாப்பிட்டுவிட்டு, இரவு இரண்டு மணிக்கு முட்டை, சுண்டல், தயிர் போன்றவற்றில் ஒன்றை டப்பாவில் கொண்டுபோங்கள். நள்ளிரவில் உடலின் இன்சுலின் வேலைத்திறன் பகலைவிடக் குறைவு. அதே பரோட்டா பகலில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். பணி நேரத்தை மாற்றிக் கேட்கும் வாய்ப்பு எப்போதாவது வந்தால், தயவுசெய்து கேளுங்கள்.

கேள்வி: அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகு, கம்பு, தினை என்று மாறிவிட்டோம். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் கம்பு தோசை. ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையவில்லை. சிறுதானியம் பற்றிச் சொல்வதெல்லாம் பொய்யா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பொய்யன்று, அரைகுறை உண்மை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு, அரிசியைவிட மேலானதுதான். ஆனால் அதை மாவாக நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சியதும், செரிமானத்தின் பாதி வேலையை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். மேலும் தானியம் எதுவானாலும் மாவுச்சத்து மாவுச்சத்தே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சார்பில் நாடு முழுவதும் நடந்த ‘இந்தியாப்’ (INDIAB) என்னும் சர்க்கரை நோய் ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025இல் வெளியாயின. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது கண்டது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதனால் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை என்றும், மாவுச்சத்தில் சிறு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் அபாயம் குறைகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

கஞ்சிக்குப் பதில் முழுத் தினையையோ சாமையையோ சோறாக, உதிரியாக, ஒரு கிண்ணம் மட்டும் சமைத்துக் காயோடும் பயறோடும் சாப்பிடுங்கள். சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். நியூயார்க்கில் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு வேறு வரிசையில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2015இல் வந்தது. காய்கறியையும் இறைச்சியையும் முதலில் தின்று, கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்தைத் தின்றபோது, ஒரு மணி நேரத்துச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. முன்னால் போன காயும் புரதமும் ஜி.எல்.பி-1ஐ எழுப்பி, இரைப்பையின் கதவை மெதுவாகத் திறக்கச் செய்வதே காரணங்களில் ஒன்று. பொரியலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதாக வைக்காமல், முதலில் அதைக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கேள்வி: உயரத்துக்கேற்ற எடைதான் என்கிறார்கள், பி.எம்.ஐ. 22.5. ஒல்லியாகவே இருக்கிறேன். எனக்கு ஏன் சர்க்கரையும் டிரைகிளிசரைடும்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தராசு எடையைச் சொல்லும், அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து 2004இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான், ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். நம் நாட்டவர் பலருக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தங்குகிறது. ஆகவே ஒரு நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உங்களுக்குப் பட்டினி வேண்டாம், எடையைக் குறைப்பதைவிடத் தசையைக் கூட்டுவதே முக்கியம்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, வேளைக்கு வேளை புரதம். உங்கள் ஊரில் கிடைக்கும் சாளை மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு டிரைகிளிசரைடுக்கு நல்லது. பொரிக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை போடும் ஊசியால் பசியே இல்லாமல் இளைத்துவிடலாம் என்கிறார்கள். என் எடை 94 கிலோ, சர்க்கரையும் உண்டு. போட்டுக்கொள்ளலாமா?
– சேலம் வாசகர்

பதில்: மேலே சொன்ன ஜி.எல்.பி-1தான் அந்த ஊசியின் மூலம். குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவதைவிட வாய்வழியே கொடுத்தால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். குடல் அனுப்பும் இந்த ஹார்மோன்களே அதற்குக் காரணம். ஆனால் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1 இரண்டு நிமிடத்திலேயே பாதியாகச் சிதைந்துவிடுகிறது. அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா என்னும் நச்சுப்பல்லியின் உமிழ்நீரில், அதைப் போன்றே வேலை செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்பவர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த முதல் மருந்து 2005இல் வந்தது. இன்று பேசப்படும் செமாகுளுடைட் அதற்குப் பின் வந்த தலைமுறை. எடைக் குறைப்புக்கான வார ஊசிகள் 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன.

அவை நன்றாகவே வேலை செய்கின்றன. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. சர்க்கரையும் டிரைகிளிசரைடும் உடன் இறங்குகின்றன. சர்க்கரையும் இந்த எடையும் உள்ள உங்களுக்கு அது பொருந்தலாம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. நிறுத்தினால், ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாகவும் தொடர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடை குறைந்த உடல் லெப்டினைக் குறைத்து, கிரெலினைக் கூட்டி, பழைய எடைக்குத் திரும்பத் தள்ளுவது இயற்கை. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இளைத்தவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின்னும் அந்த மாற்றம் நீடிப்பதை 2011இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே இது ஆறு மாதப் பரிசோதனை அன்று, நீண்ட நாள் மருந்து. மாதச் செலவையும் கணக்கிட்டு, உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். தெரிந்தவர் வாங்கித் தரும் ஊசியை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: டிரைகிளிசரைடு 620. வலி எதுவும் இல்லை. அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: இந்த வாரமே பாருங்கள். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கு வழி திறக்கிறது. மது அருந்துபவராக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மேல்வயிற்றில் முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சாப்பிடுவது மிகக் குறைவு; எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உட்காருவார். எச்.பி.ஏ.1.சி. 7.8, டிரைகிளிசரைடு 244. “நான் என்ன தின்கிறேன், எனக்கு ஏன் இது?” என்று அழுகிறார். என்ன பதில் சொல்வது?
– காரைக்குடி வாசகி

பதில்: நாளை மதியம் அம்மா சாப்பிட உட்காரும்போது பாத்திரங்களைத் திறந்து பாருங்கள். கூட்டு வழித்து எடுக்கப்பட்டிருக்கும், முட்டையோ மீனோ தீர்ந்திருக்கும், பருப்பின் அடி மட்டும் இருக்கும். மீதி இருப்பது சோறும் ரசமும். பசி அதிகமாகிவிட்ட மூன்று மணிக்கு அவர் அதைத்தான் வேகவேகமாகச் சாப்பிடுகிறார். அளவில் குறைவாகத் தோன்றினாலும், அது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. நிறைவுதரும் ஹார்மோன்களை எழுப்பக்கூடிய புரதமும் காயும் வீட்டில் மற்ற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. மாலையில் அவருக்கு வரும் அசதியும், காப்பியோடு ஏதாவது தின்னத் தோன்றுவதும் இதன் தொடர்ச்சி. பட்டினியால் வந்த நோய் இல்லை. வீட்டில் யாருக்கு எது முதலில் கிடைக்கிறது என்பதால் வந்தது. நான் பார்க்கும் தாய்மார்களில் பலரிடம் இதே தட்டைத்தான் காண்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

அம்மாவின் பங்குக் கூட்டையும் பொரியலையும் பருப்பையும் சமைத்து இறக்கியதுமே தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். யார் கேட்டாலும் அதைத் தொடக் கூடாது. ஒரு மணிக்கு அவரை முதலில் உட்காரவைத்து, அந்தக் கிண்ணத்தைக் கொடுத்து, பிறகு ஒரு கரண்டிச் சோறு போடுங்கள். அவர் ‘அப்புறம் சாப்பிடுகிறேன்’ என்றுதான் சொல்வார். அப்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குங்கள். அப்பாவும் தம்பியும் அன்றைக்குத் தாங்களே பரிமாறிக்கொள்ளட்டும்.